நடந்து போகும் தூரத்தில் ஒரு வீடு

2017 ஜூன் மாதம், எங்கள் வீட்டில் ஒன்பது ஆண்டுகள் வேலை செய்த அக்காவை நான் நிறுத்தினேன். அவர் எதையும் திருடவில்லை, எதிர்த்துப் பேசவில்லை. தாமதமாக வந்தார், அவ்வளவுதான். எனக்குக் கல்லூரியில் முதல் வகுப்பு ஒன்பது மணிக்கு. அதற்குள் பாத்திரம் துலக்கி, வீடு பெருக்கி, காய் நறுக்கித் தர ஆள் வேண்டும். அடையாற்றங்கரையில் குடியிருந்தவரை ஆறரைக்கெல்லாம் வந்துவிடுவார். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அவருடைய தெருவே காலியாகி, எல்லோரும் பெரும்பாக்கத்துக்குப் போனார்கள். அதன்பிறகு ஏழரை, எட்டு, சில நாள் எட்டரை. நிறையவே பொறுத்துப் பார்த்துவிட்டதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த மாதச் சம்பளத்தோடு ஆயிரம் ரூபாய் சேர்த்துக் கொடுத்து, "கிட்ட இருக்கிற ஆளா பாத்துக்கறேன்க்கா, தப்பா நெனச்சுக்காதீங்க" என்றேன். "அதுக்கு இன்னா பண்றது டீச்சர்" என்று வாங்கிக்கொண்டு போனார்.

அன்று மாலை அம்மாவிடம் சொன்னேன். என் அம்மாவும் முப்பது ஆண்டுகள் வீட்டுவேலை செய்தவர். அவர் என்னைத் திட்டவில்லை. "நான் ஒரு நாளும் லேட்டா போனதில்ல. ஏன்னு தெரியுமா? நம்ம வூடு அங்கயே இருந்துச்சு" என்றார்.

அந்த வாக்கியத்தை நான் இன்னும் விடவில்லை. நகரின் நடுவே புதிதாக எழும் குடியிருப்புகளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் 'மலிவு விலை', 'கட்டுப்படியாகும் விலை' என்கிறார்கள். யாருக்குக் கட்டுப்படியாகும்? எந்தக் கணக்கில்? சென்னையின் ஐம்பது ஆண்டுக் குடியிருப்பு வரலாற்றில் இந்தக் கேள்வியை வைத்துப் பார்க்க விரும்புகிறேன். வீட்டுக்கு விலை போட்டவர்கள், அந்த வீட்டிலிருந்து விடியற்காலையில் கிளம்பும் பெண்ணின் ஒரு நாளைக் கணக்கில் எடுத்தார்களா?

மாற்று என்ற சொல்

நான் பிறந்து வளர்ந்தது மந்தைவெளிக்கு அருகில் ஒரு குடிசை மாற்று வாரியக் குடியிருப்பில். எங்கள் வாயில் அது 'ஹவுசிங் போர்டு'. அதே இடத்தில் முன்பு எங்கள் ஆயாவின் ஓலைக்குடிசை இருந்தது. ஒரு கோடையில் அந்த வரிசை முழுவதும் எரிந்துபோக, அதே மண்ணில் மூன்று மாடி எழும்பியது. ஆயாவுக்கு இரண்டாவது மாடி.

1970இல், மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது குடிசை மாற்று வாரியம் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டு அதற்கான சட்டம் வந்தது. 1971இல் எடுத்த கணக்கெடுப்பு சென்னையில் 1,202 குடிசைப் பகுதிகளைப் பட்டியலிட்டது. இதைக் கருணை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. குடிசைப் பகுதிகள் திராவிட இயக்கத்தின் பலமான தளங்கள். அங்கிருந்த மக்கள் வாக்குகளாலும் கொடிகளாலும் மன்றங்களாலும் தங்களை எண்ணிக்கையில் சேர்த்துக்கொண்டவர்கள். அந்த அரசியல் பலம்தான் நகரின் நடுவே அவர்களுக்குக் கல்வீடு கட்டவைத்தது.

சட்டத்தின் ஆங்கிலப் பெயரில் இருப்பது 'அகற்றுதல்' என்று பொருள்படும் சொல். தமிழில் வாரியம் சூட்டிக்கொண்ட பெயரில் இருந்தது 'மாற்று'. குடிசையைக் கல்வீடாக மாற்றுவதும் மாற்றுதான். ஆளை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றுவதும் மாற்றுதான். தொடக்க ஆண்டுகளில் வாரியம் பெரும்பாலும் முதல் பொருளில் வேலை செய்தது. 2000க்குப் பிறகு இரண்டாவது பொருள் மேலோங்கியது. 2021இல் வாரியத்துக்கு 'தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்' என்று பெயர் மாறியது. 'மாற்று' போய்விட்டது, ஆனால் அந்தச் சொல்லின் இரு பொருளுக்கும் நடுவில் இருந்த இழுபறி போகவில்லை.

அந்தப் பழைய வீடுகளைப் பொன்னாக்கிக் காட்ட எனக்கு ஆசையில்லை. இருநூற்றுச் சொச்சம் சதுர அடியில் ஏழு பேர் படுத்திருந்தோம். தண்ணீர் கீழே அடிபம்பில்தான். அம்மா இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்று குடங்களை இரண்டு மாடி ஏற்றினார். அவருடைய முழங்கால் தேய்ந்ததில் அந்தப் படிக்கட்டுக்கும் பங்கு உண்டு. மழைக்காலத்தில் சுவர் ஒழுகும். குடித்துவிட்டு வரும் ஆண்களிடமிருந்து ஒதுங்க இன்னோர் அறை கிடையாது.

ஆனால் வாடகை இரண்டு இலக்கத்தைத் தாண்டவில்லை. அந்த வாடகையில் நிலத்தின் விலை சேரவில்லை. மயிலாப்பூர் நிலத்தின் சந்தை விலையை அதில் ஏற்றியிருந்தால் எங்கள் ஆயாவால் ஒரு படிக்கட்டைக்கூட வாங்கியிருக்க முடியாது.

இன்னொன்றும் இருந்தது. அம்மா நான்கு வீடுகளில் வேலை செய்தார். விடியற்காலை ஐந்தரைக்கு முதல் வீடு, பிற்பகல் மூன்றுக்குக் கடைசி வீடு. இடையில் இரண்டு முறை வீட்டுக்கு வருவார். ஒருமுறை தம்பிக்குப் பால் கொடுக்க, ஒருமுறை தண்ணீர் லாரி வரும் நேரத்துக்கு. நான்கு வீடுகளுமே இருபது நிமிட நடைக்குள். பேருந்துக்கு ஒரு பைசா செலவில்லை. பக்கத்து வீட்டு அத்தை எங்களைப் பார்த்துக்கொள்வார். அவருக்குக் காய்ச்சல் என்றால் அம்மா அவருடைய வீட்டு வேலையையும் சேர்த்துச் செய்வார். நான்கு வீட்டுச் சம்பளத்தில்தான் நான் கல்லூரிக்குப் போனேன். அந்த நான்கையும் சாத்தியமாக்கியது எங்கள் கட்டடம் நின்ற இடம். எந்த அரசுக் கோப்பிலும் இது சலுகையாகவோ வருமானமாகவோ எழுதப்படவில்லை.

நிலம் கணக்கில் ஏறியது

1977இல் உலக வங்கியின் கடனோடு சென்னை நகர வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. மாடி வீடு கட்டித் தருவது அரசுக்குக் கட்டுப்படியாகாது என்பது வங்கியின் வாதம். மனையும் அடிப்படை வசதிகளும் கொடுத்தால் போதும், மக்களே கட்டிக்கொள்வார்கள், செலவைத் தவணையாக அவர்களிடமே திரும்பப் பெறலாம் என்றது. அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர், பிறகு முகப்பேர் என்று மனைத் திட்டங்கள் வந்தன. பழைய குடிசைப் பகுதிகளில் சிலவற்றுக்குச் சாலையும் குடிநீரும் கழிப்பறையும் கிடைத்தன.

இதனால் நன்மை இல்லையென்று சொல்ல முடியாது. அந்த மனைகளில் உரிமைப் பத்திரத்தோடு வாழும் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. அன்று நகரின் ஓரமாக இருந்த அரும்பாக்கம் இன்று நகரின் உள்ளே இருக்கிறது. ஆனால் அந்தத் திட்டத்தோடு ஒரு புதிய சிந்தனையும் வேரூன்றியது. ஏழைக்கான வீடும் தன் செலவைத் தானே ஈட்ட வேண்டும் என்பது அது. அப்படியென்றால் நிலம் மலிவாக இருக்கும் இடத்தில்தான் ஏழைக்கு வீடு. மலிவு நிலம் நகரின் நடுவில் இருப்பதில்லை.

1985இல் மேலும் 17 பகுதிகள் குடிசைப் பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. அதன்பிறகு பல பத்தாண்டுகளுக்குச் சென்னையில் புதிதாக எந்தப் பகுதியும் அந்தச் சட்டத்தின் கீழ் அறிவிக்கப்படவில்லை. ஆற்றோரங்களிலும் கால்வாய்க் கரைகளிலும் பின்னால் வந்து குடியேறியவர்களுக்கு 'ஆக்கிரமிப்பாளர்' என்பதுதான் பெயர். பட்டியலில் இல்லாதவர்களை அப்புறப்படுத்துவது எளிது.

2000ஆம் ஆண்டையொட்டி ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர் எழுந்தது. இன்று அங்கே 15,000க்கும் மேற்பட்ட வீடுகள். 2004 சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி. அடுத்து, 20,000 வீடுகளைத் தாண்டிய பெரும்பாக்கம், எட்டடுக்குக் கட்டடங்களாக. ஒரு வீட்டுக்கு இவ்வளவு செலவு என்று வகுத்துப் பார்த்தால் இவை சிக்கனமான திட்டங்கள்தான். நகரின் நடுவிலிருந்து இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளி நிலம் எடுத்ததால் வந்த சிக்கனம் அது.

பெயர்களைப் பாருங்கள். தன்னுடையதல்லாத ஒரு நகரத்துக்கு வந்து, அரசன் முகத்துக்கு நேரே நியாயம் கேட்டவள் கண்ணகி. அவள் பெயர் சூட்டிய குடியிருப்பில் வாழும் பெண்கள் தங்கள் சொந்த நகரத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள். சத்தியவாணி முத்து நகர் என்று ஒன்று சென்ட்ரலுக்கு அருகே, கூவத்தின் கரையில் இருந்தது. தலித் தலைவராகவும் திமுகவின் முதல் பெண் அமைச்சராகவும் இருந்தவரின் பெயர் அது. 2019 டிசம்பரிலும் அடுத்த ஆண்டிலும் அங்கிருந்த வீடுகள் இடிக்கப்பட்டு மக்கள் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டார்கள். பிள்ளைகளுக்கு அது பள்ளியாண்டின் நடுப்பகுதி. இப்படிக் கரைகளிலிருந்து பெயர்க்கப்பட்டவர்களில் தலித் குடும்பங்களே மிகுதி. நூறாண்டுகளாக நகரத்தின் துறைமுகத்திலும் ஆலைகளிலும் சாக்கடையிலும் சமையலறையிலும் உழைத்தவர்கள் அவர்கள்தான்.

எங்கள் வீட்டு அக்காவின் கணக்கை இப்போது போட்டுப் பார்க்கிறேன். அப்போது போட்டிருக்க வேண்டும். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து சமைத்து வைத்துவிட்டு, பேருந்துக்குக் காத்திருந்து, ஓரிடத்தில் இறங்கி மாறி, கடைசியில் நடந்து எங்கள் வீட்டுக்கு வர ஒன்றரை மணி நேரம். திரும்பிப் போக இன்னொரு ஒன்றரை. மாதம் 26 நாளுக்கு 78 மணி நேரம். எட்டு மணி நேர வேலைநாளாக எண்ணினால் ஏறத்தாழ பத்து நாள். மாதத்தில் பத்து வேலைநாளைக் கூலியில்லாமல் பேருந்துக்குக் கொடுத்தார். நான்கு வீடாக இருந்தது இரண்டானது. பிறகு என்னால் ஒன்றானது. மகள் பதினோராம் வகுப்போடு நின்றுகொண்டு தம்பியைப் பார்த்துக்கொண்டாள். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. லட்சக்கணக்கான பெண்களின் கையில் காசு நின்றது, அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் பயணச்சீட்டு இலவசமானால் பயண நேரம் குறைவதில்லை.

மீண்டும் நகரின் நடுவே

இப்போது நகரின் நடுவில் இரண்டு வகைக் கட்டடங்கள் எழுகின்றன.

ஒன்று தனியார் அடுக்குமாடி. 2019 ஏப்ரல் முதல் சரக்கு மற்றும் சேவை வரி விதிகளின்படி, சென்னை போன்ற பெருநகரத்தில் 60 சதுர மீட்டர் உள்பரப்பும் 45 லட்சம் ரூபாய் விலையும் வரை உள்ள வீடு 'மலிவு விலை வீடு'. அதற்கு வரி ஒரு விழுக்காடுதான். மாதம் 10,000 ரூபாய் சம்பாதிக்கும் ஒரு பெண் சோறு தண்ணீர் இல்லாமல் அத்தனையையும் சேர்த்துவைத்தாலும் 45 லட்சம் சேர முப்பத்தேழரை ஆண்டாகும். நகரின் நடுப்பகுதியில் அந்த விலைக்குக் கூட வீடு கிடைப்பது அரிது.

பெரம்பூருக்கும் புளியந்தோப்புக்கும் இடையே போனால் இதைக் கண்ணால் பார்க்கலாம். பக்கிங்ஹாம் கர்நாடிக் ஆலை, மக்கள் வாயில் பின்னி மில், நின்ற நிலம் அது. 1921 வேலைநிறுத்தமும் அதையொட்டிப் புளியந்தோப்பில் மூண்ட சாதிக் கலவரமும் தமிழகத் தொழிலாளர் வரலாற்றின் ஆறாத பக்கங்கள். 1990களில் ஆலை மூடப்பட்டது. ஆலைக் கூலி நின்றபோது குடும்பத்தை வீட்டுவேலைக்கும் இட்லிக்கடைக்கும் போய்க் காப்பாற்றியவர்கள் பெண்கள். அந்த நிலத்தில் இன்று உயர்ந்த அடுக்குமாடிகள் நிற்கின்றன. வாசலில் காவலர், உள்ளே வேலைக்கு வரும் பெண்களுக்கு அடையாள அட்டை.

சட்டத்துக்கு இது தெரியாமல் இல்லை. 2008இல் வந்த சென்னையின் இரண்டாவது முழுமைத் திட்டம் ஒரு விதியைச் சொன்னது. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் குடியிருப்பு கட்டுவோர் அதில் பத்து விழுக்காட்டைக் குறைந்த வருவாயினருக்கான சிறு வீடுகளுக்கு ஒதுக்க வேண்டும். அதே வளாகத்திலோ, இரண்டு கிலோமீட்டர் சுற்றளவுக்குள்ளோ அவை இருக்க வேண்டும். இந்த இரண்டு கிலோமீட்டரைப் படித்தபோது எனக்கு அம்மாவின் இருபது நிமிட நடை நினைவுக்கு வந்தது. அருகில் இருப்பதன் மதிப்பை யாரோ ஓர் அதிகாரி அறிந்துதான் எழுதியிருக்கிறார். ஆனால் நான் போய்வந்த எந்தப் பெரிய வளாகத்திலும் வேலைக்கு வரும் பெண் அங்கேயே குடியிருந்து பார்த்ததில்லை.

இரண்டாவது வகை, பழைய வாரியக் குடியிருப்புகளை இடித்து அதே இடத்தில் உயரமாகக் கட்டுவது. இதை நான் வரவேற்கிறேன். இருநூற்றுச் சொச்சம் சதுர அடி நானூறாகிறது, வீட்டுக்குள்ளேயே தண்ணீரும் கழிப்பறையும் வருகின்றன. ஆனால் இங்கேயும் 'மலிவு' என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

புளியந்தோப்பின் கே.பி. பார்க் நல்ல எடுத்துக்காட்டு. மாடிகள் உயர்ந்தன. 2021இல் மக்கள் விரலால் சுரண்டியபோதே சுவர்ப்பூச்சு உதிர்ந்தது செய்தியானது. ஐ.ஐ.டி. வல்லுநர்கள் ஆய்வு செய்ய வேண்டிவந்தது. தரம் பற்றிய இந்தச் சண்டைக்குப் பின்னால் இன்னொன்றும் இருந்தது. ஒவ்வொரு குடும்பமும் பங்குத் தொகையாக ஒன்றரை லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்று கேட்கப்பட்டு, மக்கள் எதிர்த்தார்கள். தாங்கள் தலைமுறைகளாக இருந்த இடத்துக்கே திரும்பிவர இந்தத் தொகை.

இடிப்பதற்கும் கட்டுவதற்கும் இடையிலான காலத்தை யாரும் விலையில் சேர்ப்பதில்லை. குடும்பங்களுக்குக் கொடுக்கும் கருணைத் தொகையை 8,000 ரூபாயிலிருந்து 24,000 ஆக அரசு உயர்த்தியது. நல்ல முடிவுதான். கட்டி முடிக்க ஒன்றரை ஆண்டு ஆனால் மாதத்துக்கு 1,333 ரூபாய். அந்தப் பகுதியிலேயே ஓர் அறை வேண்டுமென்றால் வாடகை அதைப்போலப் பல மடங்கு, முன்பணம் தனி. கட்டுமானம் தள்ளிப்போனால் வகுக்கும் எண் கூடிக்கொண்டே போகும். அருகில் வாடகை கொடுக்க முடியாதவர்கள் தொலைவுக்குப் போக, வேலை வீடுகள் கைநழுவும்.

பிரதமரின் வீட்டுவசதித் திட்டத்தில் வீடு பெண்ணின் பெயரிலோ கணவனும் மனைவியும் கூட்டாகவோ இருக்க வேண்டும் என்பது விதி. இதற்காகப் பெண்கள் நெடுங்காலம் பேசியிருக்கிறோம். பத்திரத்தில் பெண் பெயர் இருந்தால் குடிகாரக் கணவன் வீட்டை விற்றுவிட முடியாது. ஆனால் பத்திரம் யார் பெயரிலோ, பங்குத் தொகைக்கான கடனும் அவர் பெயரில்தான் விழுகிறது. குழுக்கடன், வாரக்கடன், கழுத்தில் இருந்த கடைசிக் குண்டுமணித் தங்கம். மின்தூக்கிக்கும் மோட்டாருக்கும் பராமரிப்புக் கட்டணம் வேறு. ஒன்பதாம் மாடியில் மின்தூக்கி நின்றுபோனால் கர்ப்பிணியும் முதியவளும் என்ன செய்வார்கள் என்று கேட்டால், அது கட்டணம் கட்டாததால் வந்த வினை என்று பதில் வரும்.

2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகள் இடிக்கப்பட்டபோது ஒருவர் தீக்குளித்து இறந்தார். அதன்பிறகு, அந்த மக்களுக்கு மந்தைவெளி, மயிலாப்பூர் பகுதியிலேயே வீடு தரப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அருகிலேயே வீடு தர முடியும் என்பதற்கு அந்த அறிவிப்பே சான்று. அது இடிப்பதற்கு முன்னால் ஏன் வரவில்லை என்பதுதான் கேள்வி.

கணக்கில் விட்டுப்போனவை

நகரின் நடுவே உள்ள நிலம் பொன் விலை, அதை ஏழைகளுக்குக் கொடுத்தால் அரசுக்கு இழப்பு என்று படித்தவர்களே சொல்கிறார்கள். என் உடன் பணிபுரிவோரும் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த நிலத்தின் விலை எப்படி உயர்ந்தது? சாலை, ரயில், பள்ளி, மருத்துவமனை வந்ததால். காலை ஆறரைக்குக் கதவைத் தட்ட ஆள் இருந்ததாலும்தான். எங்கள் அடுக்குமாடியில் வீடு விற்பவர்கள், "வேலைக்கு ஆள் ஈஸியா கிடைப்பாங்க" என்று வாங்க வருபவரிடம் சொல்வதை நானே கேட்டிருக்கிறேன். அந்த ஆட்கள் அருகில் இருப்பதன் விலையை வீட்டை விற்பவர் வாங்கிக்கொள்கிறார். அந்த ஆட்களுக்கு அதில் ஒரு பங்கும் இல்லை.

அதனால் இனி ஒரு குடியிருப்புத் திட்டம் மலிவானதா என்று யாராவது சொன்னால், விலையைக் கேட்பதற்கு முன் சிலவற்றைக் கேட்க நினைக்கிறேன். நிலத்தின் விலையை அதில் ஏற்றியிருக்கிறார்களா? இடிக்கும் நாளிலிருந்து சாவி கொடுக்கும் நாள் வரைக்குமான உண்மையான வாடகையை யார் கொடுக்கிறார்கள்? முன்பு அங்கே இருந்த வாடகைக் குடித்தனக்காரர்களும் தனித்து வாழும் பெண்களும் பட்டியலில் இருக்கிறார்களா? பங்குத் தொகைக்குக் கடன் யார் பெயரில்? பத்தாண்டு கழித்து மின்தூக்கியைப் பழுதுபார்ப்பவர் யார்? எல்லாவற்றுக்கும் மேலாக, அங்கே குடியேறும் பெண் தன் வேலைக்கு நடந்து போக முடியுமா?

பெரும்பாக்கத்து அக்காவை இந்தக் கட்டுரைக்காகத் தொலைபேசியில் அழைத்தேன். உண்மையில் மன்னிப்புக் கேட்கத்தான் அழைத்தேன், கட்டுரை ஒரு சாக்கு. பழைய மகாபலிபுரம் சாலையில் ஓர் அலுவலகத்தில் ஒப்பந்தக்காரரின் கீழ் துப்புரவு வேலை என்றார். சீருடை, அட்டை, பன்னிரண்டு மணி நேரம். வேன் வந்து ஏற்றிப்போகிறது. வீடு எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"வூடு நல்லாத்தான் கீது டீச்சர். அதுல இருக்கத்தான் நேரமில்ல."

நான் மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் விடுங்க, அம்மாக்கு முட்டி வலி எப்டி கீது?" என்று விசாரித்தார். இப்போது எங்கள் வீட்டில் வேலை செய்கிறவர் அருகிலுள்ள ஒரு பழைய குடியிருப்பிலிருந்து நடந்து வருகிறார். அதையும் இடித்துக் கட்டப்போகிறார்கள் என்று பேச்சு இருக்கிறது. எப்போது, எவ்வளவு, எங்கே போய் இருப்பது என்று எதுவும் அவருக்கு இன்னும் சொல்லப்படவில்லை. அவர் ஒருநாள் தாமதமாக வர ஆரம்பிக்கும்போது, நான் என்ன செய்யப்போகிறேன் என்பதை இப்போதே முடிவு செய்து வைத்திருக்கிறேன். ஆனால் அது என் ஒருத்தியின் முடிவு. அவருடைய வீடு எங்கே இருக்க வேண்டும் என்பது, நான் நல்லவளா இல்லையா என்பதைப் பொறுத்து இருக்கக் கூடாது.